கூட்டம் தலையைக் கேட்டது. சட்டம் சாட்சியைக் கேட்டது!

2015ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் திகதி. யாழ்ப்பாண நகரம் கொதித்துக் கொண்டிருந்தது. கடைகள் அடைக்கப்பட்டிருந்தன. பாடசாலைகள் இயங்கவில்லை. நீதிமன்ற வளவைச் சுற்றி ஆயிரக்கணக்கான மக்கள் திரண்டு நின்றனர். "அவர்களை எங்களிடம் தாருங்கள்!" என்பதே அன்றைய கோஷம். சற்று நேரத்தில் கற்கள் பறந்தன. நீதிமன்றக் கட்டிடத்தின் கண்ணாடிகள் நொறுங்கின. வாகனங்கள் சேதமாயின. கண்ணீர்ப் புகை வீசப்பட்டது. மாலைக்குள் நூற்றுக்கும் மேற்பட்டோர் கைதாகினர்.

அந்தக் கோபத்தை யார்தான் குறை கூற முடியும்? ஒரு வாரத்துக்கு முன்னர், மே 13ஆம் திகதி காலையில், புங்குடுதீவில் பதினெட்டு வயது மாணவி ஒருத்தி பாடசாலைக்குப் புறப்பட்டாள். அவள் பாடசாலைக்குப் போய்ச் சேரவில்லை, வீடும் திரும்பவில்லை. மறுநாள் அவளது உடல் பற்றைக் காட்டுக்குள் கண்டெடுக்கப்பட்டது. அவள் கூட்டாக வன்புணர்வுக்கு உள்ளாக்கப்பட்டுக் கொல்லப்பட்டிருந்தாள். பெண் பிள்ளையைப் பெற்ற எந்தத் தாய்க்குத்தான் வயிறு எரியாது?

அந்தப் பிள்ளையின் பெயர் அன்று எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது, படமும் வந்தது. நாம் இங்கே அதை எழுதப் போவதில்லை. பாலியல் குற்றத்துக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவதைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365இ பிரிவு தடை செய்கிறது. சட்டம் தடுக்கிறது என்பதற்காக மட்டுமல்ல. பாதிக்கப்பட்டவளைப் பேசுபொருளாக்கி, பாதகம் செய்தவனைப் பின்னால் மறைக்கும் நமது சமூகப் பழக்கத்துக்கு நாமும் துணை போகக் கூடாது என்பதற்காகவும்தான்.

அந்த வழக்கு இரண்டு ஆண்டுகளும் சில மாதங்களும் நடந்து 2017இல் தீர்ப்பைக் கண்டது. கைது முதல் தீர்ப்பு வரை எத்தனையோ சட்டச் சொற்கள் நம் காதில் விழுந்தன. விளக்கமறியல், குற்றப்பகர்வு, ட்ரயல் அட் பார், அரச சாட்சி, விடுதலை... இவற்றின் பொருள் என்ன? நம் வீட்டுப் பிள்ளைக்கு ஓர் ஆபத்து வந்தாலும், நம் வீட்டுப் பிள்ளை மீதே ஒரு பழி வந்தாலும் நமக்குத் தேவைப்படும் சொற்கள் இவை. இந்த ஒரு வழக்கை வைத்தே அவற்றை அறிந்து கொள்வோமே!

முறைப்பாடு: முதல் கதவு

எந்தக் குற்ற வழக்கும் ஒரு முறைப்பாட்டில்தான் தொடங்குகிறது. காணாமற்போன பிள்ளையைத் தேடிய குடும்பத்தார் அன்றிரவே பொலிஸாரிடம் போனார்கள். "யாருடனாவது போயிருப்பாள், வந்து விடுவாள்" என்ற தோரணையில் தங்களுக்குப் பதில் கிடைத்ததாக அவர்கள் பின்னர் வேதனையோடு கூறினார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி, குற்றம் பற்றிய தகவலை ஒருவர் வாய்மொழியாகக் கூறினாலும் பொலிஸார் அதை எழுத்தில் பதிய வேண்டும். எழுதியதை வாசித்துக் காட்டிக் கையொப்பம் பெற வேண்டும். காணாமற்போனவர் பற்றி முறையிட இருபத்து நான்கு மணிநேரம் காத்திருக்க வேண்டும் என்றொரு நம்பிக்கை நம் மக்களிடம் பரவியிருக்கிறது. அப்படி ஒரு சட்டம் இல்லை. ஒரு பொலிஸ் நிலையத்தில் முறைப்பாட்டை ஏற்க மறுத்தால், அதற்கு மேலேயுள்ள அத்தியட்சர் அலுவலகத்துக்குப் போகலாம்.

தீவகத்தில் வாழ்பவர்களுக்கு இந்த முதல் கதவே தூரத்தில்தான் இருக்கிறது. புங்குடுதீவு பாலத்தால் வேலணையோடு இணைந்திருக்கிறது. ஆனால் நெடுந்தீவு மக்களும் நயினாதீவு மக்களும் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் படகில் வந்து, அங்கிருந்து பஸ் ஏறித்தான் ஊர்காவற்றுறை நீதவான் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். கடல் கொந்தளித்தால் படகு இல்லை. படகு இல்லாவிட்டால் வழக்குக்கும் போக முடியாது. அங்கே "நாளைக்கு வாருங்கள்" என்ற சொல்லின் கனம் நகரத்தில் இருப்பவர்களுக்கு விளங்காது.

கைது: யார் செய்யலாம்?

முதலில் மூவரும், சில நாட்களில் மேலும் ஐவரும் கைதாகினர். இன்னொருவரைப் பொதுமக்களே பிடித்துப் பொலிஸாரிடம் ஒப்படைத்தனர். ஆனால் அவர் எப்படியோ வெளியே வந்து கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தார்! பின்னர் வெள்ளவத்தையில் மீண்டும் கைதானார். யாழ்ப்பாணத்தில் கல் பறந்ததற்கு இந்தச் செய்தியும் ஒரு முக்கிய காரணம்.

பொதுமகன் ஒருவர் கைது செய்யலாமா? செய்யலாம். பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க ஒரு குற்றத்தைத் தன் கண்ணெதிரே செய்பவரை எவரும் பிடிக்கலாம். ஆனால் தாமதமின்றிப் பொலிஸாரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். மரத்தில் கட்டி வைத்து அடிக்கும் அதிகாரத்தைச் சட்டம் எவருக்கும் தரவில்லை. அதைச் செய்பவர் தாமே குற்றம் செய்தவராகிறார்.

பொலிஸார் கைது செய்யும்போதும் வரம்புகள் உண்டு. கைதுக்கான காரணத்தை அவருக்குத் தெரிவிக்க வேண்டும்; இது அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை தரும் உரிமை. பிரயாண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். இது பொதுவான சட்டம். பெண்ணைச் சோதனையிடுவதாயின் இன்னொரு பெண்தான், கண்ணியமான முறையில் சோதனையிட வேண்டும். இந்த மூன்றையும் நம் வீட்டுப் பெண்கள் மனப்பாடமாக வைத்திருப்பது நல்லது.

சந்தேகநபர், எதிரி, குற்றவாளி

இந்த மூன்று சொற்களையும் நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக் கொள்கிறோம். பத்திரிகைகளும் சில வேளைகளில் அப்படித்தான் எழுதுகின்றன. மூன்றும் மூன்று படிகள்.

பொலிஸார் ஒருவர் மீது சந்தேகம் கொண்டால் அவர் 'சந்தேகநபர்'. அவர் மீது முறைப்படி குற்றம் சுமத்தப்பட்டால், நமது நீதிமன்றங்களின் வழக்கில் அவர் 'எதிரி'. குற்றம் நிரூபிக்கப்பட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னர்தான் அவர் 'குற்றவாளி'. அந்த மூன்றாம் படியை அடையும் வரை ஒவ்வொருவரையும் நிரபராதியாகவே கொள்ள வேண்டும் என்று அரசியலமைப்பின் 13(5) உறுப்புரை கூறுகிறது. நிரூபிக்க வேண்டிய சுமை வழக்குத் தொடுப்பவரின் தோளில் இருக்கிறது. "நான் செய்யவில்லை" என்று எதிரி நிரூபிக்க வேண்டியதில்லை. "நீதான் செய்தாய்" என்று அரசு நிரூபிக்க வேண்டும்.

முறையிடுபவரே ஆதாரம் காட்ட வேண்டும், சந்தேகம் இருக்கும்போது கடும் தண்டனையைத் தவிர்க்க வேண்டும் என்பவை நமது மார்க்கச் சட்ட அறிஞர்கள் காலம் காலமாகப் போதித்து வந்தவைதாமே! இந்த நெறி நமக்கு அந்நியமானதல்ல.

விளக்கமறியலும் பிணையும்

ஊர்காவற்றுறை நீதவான் முன் நிறுத்தப்பட்ட சந்தேகநபர்கள் விளக்கமறியலில் வைக்கப்பட்டனர். ஒவ்வொரு தவணையிலும் அது நீடிக்கப்பட்டது. விளக்கமறியல் என்பது தண்டனையல்ல. விசாரணை குலையாதிருக்கவும், சாட்சிகள் மிரட்டப்படாதிருக்கவும், சந்தேகநபர் ஓடிவிடாதிருக்கவும் நீதிமன்றத்தின் உத்தரவில் வைக்கப்படும் காவல் அது. தமிழகத்தில் இதையே நீதிமன்றக் காவல் என்கிறார்கள்.

1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம், பிணை வழங்குவதே பொதுவிதி, மறுப்பது விதிவிலக்கு என்ற கொள்கையில் அமைந்தது. ஆனால் மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றங்களில் நீதவான் பிணை வழங்க முடியாது. மேல் நீதிமன்ற நீதிபதியே வழங்க முடியும். "கொலைக் குற்றவாளியை நீதவான் விட்டுவிடுவார்" என்று அன்று பலர் பதறினார்கள். நீதவானுக்கு அந்த அதிகாரமே இருக்கவில்லை என்பதை எடுத்துச் சொல்ல அங்கே எவரும் இல்லாமற் போனது துரதிர்ஷ்டம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நீதிமன்றத்துக்குக் கல்லெறிந்ததாகக் கைதான அந்த நூற்றுக்கு மேற்பட்டோர் யார்? பெரும்பாலும் இளைஞர்கள். அவர்களுக்கும் சட்டத்தரணி தேவைப்பட்டது. பிணை தேவைப்பட்டது. "என் பிள்ளை கல்லெறியவில்லை, வேடிக்கை பார்க்கப் போனவன்" என்று கதறிய தாய்மாருக்கு, கைதாகிவிட்டதாலேயே ஒருவன் குற்றவாளி ஆகிவிடமாட்டான் என்ற அந்தக் கொள்கைதான் ஒரே ஆறுதலாக இருந்தது. காலையில் எந்த உரிமையை மற்றவர்களுக்கு மறுக்கச் சொல்லிக் கூட்டம் கேட்டதோ, மாலையில் அதே உரிமை கூட்டத்துக்கே தேவைப்பட்டது!

ஒப்புதல் வாக்குமூலம் போதாதா?

"பொலிஸாரிடம் ஒத்துக்கொண்டு விட்டானாமே, பிறகென்ன வழக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் இதற்குத் தெளிவான பதில் தருகிறது. பொலிஸ் உத்தியோகத்தரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை எதிரிக்கு எதிரான சான்றாகப் பயன்படுத்த முடியாது. காரணம் வெளிப்படை. மூடிய அறைக்குள் அடியாலும் அச்சத்தாலும் எதையும் ஒப்புக்கொள்ள வைக்கலாம். நிரபராதி ஒருவன் வலி தாங்காமல் தலையசைத்து விட்டால், உண்மையான குற்றவாளி வெளியே சிரித்துக்கொண்டு திரிவான்.

இந்தப் பாதுகாப்பை அகற்றினால் என்ன நடக்கும் என்பதை நம் நாடு பட்டே அறிந்திருக்கிறது. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம், உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்க வழி செய்தது. அந்த வாக்குமூலங்களின் பேரில் தமிழ் இளைஞர்கள் பலர் பல்லாண்டுகள் சிறையில் கழித்தனர். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின்னர் முஸ்லிம்கள் பலரும் அதே சட்டத்தின் கீழ் நீண்ட காலம் அடைக்கப்பட்டனர். அயல் வீட்டுக்காரனின் உரிமைக்காக நாம் அன்று பேசியிருந்தால், பின்னர் நம் வீட்டுக் கதவு தட்டப்பட்டபோது நமக்காகவும் கூடுதலான குரல்கள் எழுந்திருக்குமல்லவா?

சட்டமா அதிபரும் மூன்று நீதிபதிகளும்

வழக்கு விசாரணை குற்றப் புலனாய்வுத் திணைக்களத்துக்கு மாற்றப்பட்டது. விசாரணைக் கோவை சட்டமா அதிபரிடம் போனது. கொலை போன்ற பாரதூரமான குற்றங்களில் எவர் மீது, எந்தச் சட்டப் பிரிவின் கீழ் வழக்குத் தொடுப்பது என்று தீர்மானிப்பவர் அவரே. அவர் மேல் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் குற்றச்சாட்டுப் பட்டியலே 'குற்றப்பகர்வுப் பத்திரம்'. இந்த வழக்கில் ஒன்பது பேருக்கு எதிராக 41 குற்றச்சாட்டுகள் முன்வைக்கப்பட்டன.

சந்தேகத்தில் கைதானவர்களில் ஒருவர் அரச சாட்சியாக மாறினார். "குற்றக் கும்பலில் இருந்தவனை விட்டுவிடுவதா?" என்று தோன்றலாம். இருட்டில் நடந்த குற்றத்துக்கு உள்ளே இருந்தவரே சில வேளை வெளிச்சம் காட்ட முடியும். ஆகவே உண்மை முழுவதையும் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையோடு சட்டமா அதிபர் அவருக்கு மன்னிப்பு வழங்கலாம். நிபந்தனையை மீறினால் மன்னிப்பும் போய்விடும். இப்படிப்பட்டவரின் சாட்சியத்தை நீதிமன்றம் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதில்லை; வேறு சான்றுகளோடு ஒத்துப் பார்த்தே ஏற்கும்.

அடுத்தது 'ட்ரயல் அட் பார்'. மேல் நீதிமன்ற வழக்கைப் பொதுவாக ஒரு நீதிபதி விசாரிப்பார். சில வழக்குகளில் எதிரி விரும்பினால் ஜூரிகள் அமர்வர். விசேட முக்கியத்துவம் வாய்ந்த வழக்கை ஜூரியில்லாமல் மூன்று மேல் நீதிமன்ற நீதிபதிகள் ஒன்றாக அமர்ந்து விசாரிப்பதே ட்ரயல் அட் பார், அதாவது தீர்ப்பாயம். பாலேந்திரன் சசிமகேந்திரன் தலைமையில், அன்னலிங்கம் பிரேமசங்கர், மாணிக்கவாசகர் இளஞ்செழியன் ஆகியோர் அமர்ந்தனர். 2017 ஜூன் 28ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் விசாரணை தொடங்கியது. தொடர்ச்சியாக நடந்து, மூன்று மாதத்தில், செப்டெம்பர் 27ஆம் திகதி தீர்ப்பு வந்தது. பத்து வருடமும் பதினைந்து வருடமும் இழுபடும் வழக்குகளைப் பார்த்துச் சலித்த மக்களுக்கு இது பெரும் வியப்பு.

ஒன்பதில் இருவர்

தீர்ப்பு என்ன? ஏழு பேர் குற்றவாளிகள். அவர்களுக்கு மரண தண்டனையும் முப்பது ஆண்டுச் சிறையும் விதிக்கப்பட்டன. மாணவியின் குடும்பத்துக்கு நட்டஈடு வழங்கவும் உத்தரவாயிற்று. மீதி இருவர்? அவர்கள் மீதான குற்றச்சாட்டுகள் நிரூபிக்கப்படவில்லை. இருவரும் விடுதலை!

சகோதர சகோதரிகளே, இந்த இடத்தில் சற்று நின்று யோசியுங்கள். 2015 மே 20ஆம் திகதி கூட்டம் கேட்டது ஒன்பது பேரையும்தான். அன்று நீதிமன்றத்தின் கதவு உடைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? குற்றம் நிரூபிக்கப்படாத இருவரின் இரத்தமும் அந்த வீதியில் சிந்தியிருக்கும். அதன் பின்னர் எந்த மேன்முறையீட்டால் அவர்களுக்கு உயிர் கொடுக்க முடியும்? எந்த மன்னிப்பு அவர்களது பெற்றோரின் கண்ணீரைத் துடைக்கும்?

'நியாயமான சந்தேகத்துக்கு அப்பால்' என்ற சொற்றொடரின் பொருள் இதுதான். சிவில் வழக்கில் யார் பக்கம் தராசு சற்றுத் தாழ்கிறதோ அவர் பக்கம் தீர்ப்பாகும். குற்ற வழக்கில் அது போதாது. அறிவுள்ள ஒருவர் காரணத்தோடு கொள்ளக்கூடிய சந்தேகம் ஒன்று மிஞ்சினாலும், அதன் பலன் எதிரிக்கே. இதனால் சில குற்றவாளிகள் தப்பக்கூடும் என்பது உண்மை. ஆனால் இதை நீக்கினால் நிரபராதிகள் சாவார்கள். இரண்டில் எது பெரிய கேடு என்று கேட்டுப் பாருங்கள்.

இதிலிருந்தே அடுத்த கொள்கையும் வருகிறது. "இந்தப் பாதகர்களுக்காக எந்தச் சட்டத்தரணியும் ஆஜராகக் கூடாது" என்ற குரல் அன்று யாழ்ப்பாணத்தில் பலமாக எழுந்தது. உணர்ச்சி விளங்குகிறது. ஆனால் சட்டத்தரணி மூலம் தன் பக்கத்தைச் சொல்லும் உரிமையை அரசியலமைப்பு குற்றம் சாட்டப்பட்ட ஒவ்வொருவருக்கும் தருகிறது. எதிரிக்கு வசதி இல்லாவிட்டால் மேல் நீதிமன்றமே ஒரு சட்டத்தரணியை நியமித்துக் கொடுக்கும். எதிரியின் சட்டத்தரணி குற்றத்தை ஆதரிப்பவர் அல்லர்; சாட்சியத்தைச் சோதித்துப் பார்ப்பவர். உரசிப் பார்க்காத பொன்னை யார் வாங்குவார்? குறுக்கு விசாரணைக்கு நின்று பிடித்த சாட்சியத்தின் மேல் கட்டிய தீர்ப்புத்தான் மேன்முறையீட்டிலும் நின்று பிடிக்கும். அதனால் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கும் நன்மையே.

தீர்ப்புக்குப் பின்

மரண தண்டனை என்றதும் மறுவாரமே தூக்கு என்று நினைத்தவர்கள் பலர். இலங்கையில் கடைசியாகத் தூக்குத் தண்டனை நிறைவேற்றப்பட்டது 1976 ஜூன் மாதத்தில். அதன் பின்னர் நீதிமன்றங்கள் மரண தண்டனை விதித்தபோதும் அது நிறைவேற்றப்படாமல், நடைமுறையில் ஆயுட் சிறையாகவே கழிந்து வந்திருக்கிறது.

தண்டனை பெற்றவருக்கு மேன்முறையீடு செய்யும் உரிமை உண்டு. வழமையான மேல் நீதிமன்றத் தீர்ப்பானால் முதலில் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போகும். ட்ரயல் அட் பார் தீர்ப்போ நேரே உயர் நீதிமன்றத்துக்குப் போகும். தண்டனை பெற்ற ஏழு பேரும் அங்கே முறையிட்டனர். தமிழக நூல்களைப் படிப்பவர்கள் கவனிக்க: அங்கே உயர் நீதிமன்றம் எனப்படுவது இங்கே மேல் நீதிமன்றம் அல்ல, இங்கே உயர் நீதிமன்றமே நாட்டின் தலைமை நீதிமன்றம்.

நீதிமன்றம் முடித்து வைத்ததை ஜனாதிபதியின் மன்னிப்பு மாற்றிவிடவும் கூடும். யாழ்ப்பாணத்து மிருசுவிலில் 2000 டிசம்பரில் ஒரு சிறுவன் உட்பட எட்டுப் பொதுமக்கள் கொல்லப்பட்டனர். அந்த வழக்கில் இராணுவச் சிப்பாய் ஒருவருக்கு 2015இல் மரண தண்டனை விதிக்கப்பட்டு, 2019இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2020 மார்ச்சில் அவர் ஜனாதிபதியின் மன்னிப்பில் வெளியே வந்தார். மன்னிக்கும் அதிகாரம் அரசியலமைப்பில் இருப்பது உண்மைதான். ஆனால் இழந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேளாமல் கொடுக்கும் மன்னிப்பு, ஆறிவரும் புண்ணை மீண்டும் கீறுவதாகவே முடியும்.

வேலியே பயிரை மேய்ந்தால்?

சந்தேகநபர் ஒருவர் கொழும்புக்குப் போனாரே, அது எப்படி? அந்தக் கேள்வியும் நீதிமன்றத்துக்குப் போனது. அவர் தப்பிச் செல்ல உதவியதாக வடக்கில் கடமையாற்றிய சிரேஷ்ட பிரதிப் பொலிஸ் மா அதிபர் ஒருவர் 2017 ஜூலையில் கைதானார். 2025ஆம் ஆண்டில் அவருக்கு நான்கு ஆண்டு கடூழியச் சிறை விதிக்கப்பட்டது. சட்டத்தின் முன் யாவரும் சமம் என்ற கொள்கை ஏட்டில் மட்டும் இருப்பதல்ல. பிடிவாதமாகப் பின்தொடர்ந்தால் உயர்ந்த நாற்காலியையும் அது எட்டும் என்பதற்கு இதுவும் ஒரு சான்று. எட்டுவதற்கு ஏறக்குறைய பத்து ஆண்டுகள் ஆயின என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

எல்லா வழக்குக்கும் அந்தப் பாக்கியம் கிடைத்ததா? இல்லை. 1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகை நடுக்கடலில் மறித்து, கைக்குழந்தை உட்படப் பலரை வெட்டிக் கொன்றார்கள். குறைந்தது 23 பேர் மாண்டனர். அதைவிட அதிகம் என்றும் சொல்லப்படுகிறது. உயிர் தப்பியவர்கள் கடற்படையினரைக் குற்றம் சாட்டினர். எவரும் தண்டிக்கப்படவில்லை. தீவகத்து மக்கள் இன்றும் ஆண்டுதோறும் அந்த நாளை நினைவுகூருகின்றனர். மற்றக் குற்றங்களுக்கு வழக்குத் தொடுக்க இருபது ஆண்டு எல்லை விதித்த அதே சட்டக்கோவை, கொலைக்கும் தேசத்துரோகத்துக்கும் மட்டும் காலாவதி கிடையாது என்கிறது. ஆகவே அந்தக் கதவு சட்டப்படி இன்னும் அடைபடவில்லை. திறப்பதற்கு மனம்தான் வேண்டும்.

குற்றம் என்பது செய்தவனையே சாரும் என்ற கொள்கையை மீறினால் என்ன ஆகும் என்பதை நமது சமூகத்தைவிட வேறு யார் நன்கு அறிவார்? 1990 அக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் அத்தனை பேரும், எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர், விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் சில மணித்தியாலங்கள். எந்த முறைப்பாடு? எந்தக் குற்றப்பகர்வு? எந்தச் சாட்சி? எதுவும் இல்லை. ஒரு சமூகமே விசாரணையின்றித் தண்டிக்கப்பட்டது. அந்த வலியைச் சுமந்தவர்கள் "அவர்கள் எல்லாரும் அப்படித்தான்" என்ற வார்த்தையை எந்தச் சமூகத்தைப் பற்றியும் சொல்லலாமா?

வீட்டில் அறிந்திருக்க வேண்டியவை

முறைப்பாடு கொடுத்தால் அதன் இலக்கத்தையும் திகதியையும் குறித்து வையுங்கள். கைது நடந்தால் காரணத்தையும், எந்தப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டு செல்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். வாசித்து விளங்காத எதிலும் கையொப்பம் இட வேண்டாம். அறியாத மொழியில் எழுதியிருந்தால் மொழிபெயர்த்துச் சொல்லும்படி கேளுங்கள். வசதி இல்லாதவர்களுக்கு 1978இல் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. அநியாயமான கைதுக்கும் சித்திரவதைக்கும் எதிராக உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்யலாம். ஆனால் ஒரு மாதத்துக்குள் செய்ய வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது.

பாதிக்கப்பட்டவர்களுக்கும் சாட்சிகளுக்கும் உதவியும் பாதுகாப்பும் அளிக்கும் சட்டம் முதன்முதலில் 2015இல் வந்தது. 2023இல் புதிய சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. மிரட்டல் வந்தால் சாட்சி அதன் கீழ் பாதுகாப்புக் கேட்கலாம். "நமக்கேன் வம்பு?" என்று சாட்சி சொல்லத் தயங்குபவர்களே நம்மில் அதிகம். கண்டதைக் கண்டபடி சொல்ல ஒருவர் முன்வராவிட்டால், எவ்வளவு நல்ல சட்டம் இருந்தும் பயனில்லை.

புங்குடுதீவு வழக்கிலும் அதுவே நடந்தது. சாட்சிகள் கூண்டில் ஏறினார்கள். கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள். பிள்ளையை இழந்த தாயும் அதே நீதிமன்றத்தில் நின்று, நடந்ததைத் தன் வாயால் எடுத்துரைத்தார். கல்லெறிந்த கூட்டத்தால் வாங்கித் தர முடியாததை அந்தச் சாட்சியங்கள் வாங்கித் தந்தன. ஏழு பேர் தண்டனை பெற்றார்கள். இருவர் வீடு திரும்பினார்கள். இரண்டும் சேர்ந்ததுதான் நீதி.